காலிக் கோப்பை: ஏழு பனிக்காலமாகப் பார்த்துவரும் தொலைக்காட்சிக் காதல் படங்கள்

ஸ்கார்பரோவில் இருக்கும் தோழி இன்று காலை ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அவளுடைய அம்மா முதல்முறையாகப் பனிக்காலத்தைக் கழிக்கக் கனடா வந்திருக்கிறார். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அவருக்கு, நான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் அந்தக் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் வரும் சேனலுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. 2018ஆம் ஆண்டு டபிள்யூ நெட்வொர்க் என்ற கனடியச் சேனல், அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் தயாரிக்கும் இந்தப் படங்களைக் கனடாவில் ஒளிபரப்பத் தொடங்கியதிலிருந்து, ஆட்டவாவில் ஏழு பனிக்காலம் இவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நான்கு பனிக்காலம் கும்பகோணத்திலிருந்து வந்த என் அம்மாவும் உடனிருந்தார்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருநகரத்தில் வேலை பார்க்கும் பெண் சிற்றூருக்கு வருகிறாள், அங்கே ஒரு தச்சனையோ மரப்பண்ணைக்காரனையோ சந்திக்கிறாள், கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு முத்தம். கதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று இவற்றைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. ஹால்மார்க் சேனலின் பின்னால் இருப்பது 1910இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கிய வாழ்த்து அட்டை நிறுவனம். வாழ்த்து அட்டையைப் பிரிக்கும்போது நாம் அதில் புதுமையைத் தேடுவதில்லை. நம்மை நினைத்துத் தேர்ந்தெடுத்தார்களா, கையெழுத்தாவது போட்டார்களா என்றுதான் பார்க்கிறோம். படத்தையும் நான் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவற்றைக் கேலி செய்பவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். இத்தகைய படம் ஒன்று பெரும்பாலும் 15 நாட்களில் எடுத்து முடிக்கப்படுகிறது. செலவு 20 லட்சம் அமெரிக்க டாலரை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். 2009இல் ஹால்மார்க் தன் கிறிஸ்துமஸ் படவரிசையை ஒரு பெயரிட்டுத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 2019இல், ஒரே பருவத்துக்கு 40 புதிய படங்களை வெளியிட்டது. அமெரிக்கச் சிற்றூர் என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒன்டாரியோவிலும் எடுக்கப்படுவது. கனடிய டாலரின் மதிப்பு குறைவு என்பது ஒரு காரணம். கனடியத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 16 விழுக்காட்டை மத்திய அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருவதும், மாகாணங்கள் அதற்குமேல் தம் பங்கைச் சேர்ப்பதும் மற்றொரு காரணம்.

எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஆல்மான்ட் என்ற ஊர் இருக்கிறது. மிசிசிப்பி என்றே பெயர் கொண்ட ஒரு சிறிய ஆற்றின் அருவிக்கரையில், கம்பளி ஆலைகளால் வளர்ந்த பழைய கல்கட்டடங்களின் ஊர் அது. அதன் மில் தெருவை இந்தப் படங்களில் நான் எத்தனையோ முறை வெவ்வேறு பெயர்களில் பார்த்திருக்கிறேன். 2022 ஜூலையில் ஒருநாள் அங்கே போனபோது படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நடைபாதை ஓரங்களில் வெள்ளைப் போர்வைகளை விரித்து, அவற்றின்மேல் நுரையைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வியர்வை வழிய நாங்கள் கயிற்றுக்கு இப்பால் நின்றிருக்க, அப்பால் ஒரு பெண் முழங்கால்வரை நீண்ட கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியும் அணிந்து, குளிரில் நடுங்குவதுபோலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, அதே இருபதடி தூரத்தைத் திரும்பத் திரும்ப நடந்தாள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒருவர் ஓடிவந்து சிறு மின்விசிறியால் அவள் முகத்துக்குக் காற்று காட்டினார். அன்றுமுதல் வாயிலிருந்து ஆவி வராததும், பின்னணி மரத்தில் பச்சை இலைகள் தெரிவதும், ஊர்த் திருவிழாவில் மொத்தமே முப்பது பேர் நிற்பதும் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. பணம் இல்லாத இடத்தில் மனிதர்கள் உடலால் ஈடுசெய்வதை நேரில் பார்த்துவிட்டேன்.

இனி, நான் எதிர்பாராமல் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. முதல் பனிக்காலத்தில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகை குளிரில் சாளரத்துக்கு அப்பால் மூன்று மணிக்கே மங்கத் தொடங்கும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மௌனமாக உட்கார்ந்திருந்தது என்னை உறுத்தியது. தமிழ்ச் சேனல்களில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் அழிக்கத் திட்டமிடுவதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. தற்செயலாக இந்தப் படங்களில் ஒன்று ஓடியது. பாதியில் நான் அலுவலக அழைப்புக்காக எழுந்து போனேன். திரும்பி வந்தபோது, நான் தவறவிட்ட பகுதியை அம்மாவே எனக்குச் சொன்னார். யாருக்கு யார் மகள், எந்தக் கடை மூடப்படப் போகிறது, யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். முகத்தையும் கையையும் வைத்தே கதை நகரும்படி இவை எடுக்கப்படுகின்றன; ஓர் உணர்ச்சி தோன்றினால் அது முகத்தில் நின்று நிலைப்பதற்கு நேரம் கொடுக்கிறார்கள். விளம்பரத்துக்கு எழுந்து போய்வருகிறவருக்கும் புரியவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, மொழி தெரியாத ஒருவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவர் லேசி ஷபேரை அடையாளம் கண்டுகொண்டார். 30க்கும் மேற்பட்ட ஹால்மார்க் படங்களில் நடித்திருக்கும் அவரை அம்மா "நம்ம பொண்ணு" என்றே சொல்வார்.

ஆனால் கோப்பையைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான்.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். கதாநாயகனும் கதாநாயகியும் ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் ஏதோ சூடான பானம் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். அம்மா சட்டென்று, "ஏண்டி, அந்தக் கப்புல ஒண்ணுமே இல்லையே" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "கையைப் பாரு" என்றார். ஐம்பது ஆண்டுகள் நிறைந்த டம்ளரையும் டபராவையும் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தளும்பாமல் கொண்டுபோன கை அவருடையது. நிறைந்த பாத்திரத்தை ஏந்தியவரின் தோள் எப்படி இருக்கும், சூட்டைத் தாங்க விரல் எப்படி இடம் மாறும், முதல் வாயில் உதடு எப்படித் தயங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திரையில் இருந்தவளோ கோப்பையை விசிறிபோல ஆட்டிக்கொண்டு பேசினாள். பிறகு அதைச் செங்குத்தாகக் கவிழ்த்து ஒரு வாய் குடித்தாள். உண்மையில் அதில் பானம் இருந்திருந்தால் கோட்டு முழுவதும் நனைந்திருக்கும். அதற்குப் பிறகு என்னாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏழு பனிக்காலமாக, எந்தச் சேனல் தயாரித்த படமானாலும், என் கண் முதலில் போவது கோப்பைக்குத்தான்; பத்தில் எட்டு காலி.

இதற்கும் காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. பானம் சிந்தினால் உடையை மாற்ற வேண்டும். சிறு தயாரிப்பில் ஒரே கோட்டுக்கு மாற்றுக் கோட்டு இருக்காது. 15 நாட்களில் ஒரு படத்தை முடிக்க வேண்டியவர்களுக்கு அரைமணி நேரம் என்பது பெரிய இழப்பு. ஆனால் மூடியிட்ட காகிதக் கோப்பைக்குள் பாதியளவு தண்ணீர் ஊற்றுவதற்கோ, அதுவும் ஆபத்து என்றால் அடியில் ஒரு சிறு கூழாங்கல்லை ஒட்டிவைப்பதற்கோ எவ்வளவு ஆகும்? பணமில்லாததால் வந்த எதையும் நான் பொறுத்துக்கொள்வேன். செலவே இல்லாத ஒன்றைச் செய்யாமல் விடும்போது, பார்ப்பவர் கவனிக்க மாட்டார் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டதாக எனக்குப் படுகிறது. அது சாளரத்தருகே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அவ்வளவு கவனத்தோடு பார்த்த என் அம்மாவை அவமதிப்பது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை நான் இவ்வளவு பெரிதாக்குவதற்கு ஒரு குறிப்பிட்ட மாலை காரணம். அப்பா இறந்து இரண்டாவது ஆண்டு அது. அன்று ஓடிய படத்தில், கணவனை இழந்த ஒரு முதிய பெண், அந்தக் கணவர் கையால் செய்த மரப்பறவை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறாள். இந்தப் படங்கள் துக்கத்தைக் கையாளும் விதத்தைக் கேலி செய்பவர்கள் ஒருமுறையாவது ஊன்றிப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இறந்திருக்கிறார், அவரைப் பற்றி யாரோ ஒருவர் வெகுநாள் பேசாமல் இருக்கிறார், பிறகு பேசுகிறார். அழுகையை நீட்டாமல், இசையை உரக்க ஒலிக்காமல், ஒரு பொருளைக் கையில் கொடுத்து அந்த முகத்தைச் சற்று நேரம் காட்டுகிறார்கள். அம்மா அசையாமல் இருந்தார். அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை அவர் பெட்டியில் வைத்து எடுத்துவந்திருந்தது எனக்குத் தெரியும். நானும் அசையவில்லை. அப்போது திரையில் கதாநாயகி உள்ளே வந்து, ஆறுதலாக அந்த முதியவளின் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தாள். கொடுத்த கையிலும் கனம் இல்லை, வாங்கிய கையிலும் கனம் இல்லை. அம்மா மூச்சை விட்டு, "சூடா ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கல பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த மாலையில் அவர் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார் என்று இன்றுவரை நம்புகிறேன். அது ஒரு படத்தின் பொறுப்பா என்று கேட்டால், அந்த இடம்வரை எங்களைக் கொண்டுபோனதும் அந்தப் படம்தான் என்பதே என் பதில்.

செலவில்லாத மற்றொரு குறையும் உண்டு. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படம் ஏறத்தாழ 85 நிமிடம். விளம்பரத்துக்காக அதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பார்வையாளரைப் பிடித்துவைக்க ஒரு கேள்வி தொங்க வேண்டும். எனவே கடைசிப் பகுதிகளுக்கு முன்னால், அவன் தொலைபேசியில் பேசும் பாதி வாக்கியத்தை அவள் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறாள். "நீ சொன்னது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் சங்கதி அது. அறுபது நிமிடமாக அறிவும் பரிவும் உள்ளவளாக வளர்த்த பெண்ணை, இடைவேளைக்காக மட்டும் ஐந்து நிமிடம் அறிவற்றவளாக்கிவிடுகிறார்கள். பிரிவு வேண்டுமென்றால் உண்மையான காரணத்தை எழுதலாம். அவளுடைய வேலை உண்மையிலேயே அவளுக்குப் பிடித்ததாக இருக்கலாம், இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தொலைவு உண்மையிலேயே தீராததாக இருக்கலாம். காகிதத்தில் எழுதுவதற்கு இரண்டுக்கும் ஒரே விலைதான்.

யாரை நடுவில் நிறுத்துவது என்பதும் அப்படித்தான். வெகுகாலம் கிட்டத்தட்ட எல்லாக் காதலர்களும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். கறுப்பினத் தோழியும் ஆசியத் தோழியும் யோசனை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் ஒரு விளம்பரத்தை ஹால்மார்க் நிறுத்திவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. 2022இல் இரண்டு ஆண்களின் காதலை மையமாகக் கொண்ட கிறிஸ்துமஸ் படம் அதே சேனலில் வந்தது. நடுவில் நிற்பவர்களின் நிறமும் இப்போது மெல்ல மாறிவருகிறது. மாறியதால் நுரைப்பனியின் செலவு ஏறிவிடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, இனி பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தப் பனிக்காலம் நான் தனியாகப் பார்க்கிறேன்; இரவு ஒன்பதரைக்கு, கும்பகோணத்தில் பொழுது விடிந்து அவர் காப்பி கலக்கும் நேரத்தில், தொலைபேசியில் கதையைச் சொல்கிறேன். அவர் கேட்கும் முதல் கேள்வி, "கப்புல ஊத்தியிருந்தாங்களா?" என்பதுதான். நேற்றிரவு பார்த்த படம் இந்தப் பருவத்திலேயே நல்ல படம். ஊர் நூலகத்தைக் காப்பாற்றும் கதை; அவள் தன் வேலையை விடவில்லை, அவன் பேசியதைத் தவறாகக் கேட்கவும் இல்லை, முதிய நூலகராக நடித்தவர் ஒரே ஒரு காட்சியில் என்னை அழவைத்தார். கடைசிக் காட்சியில் எல்லாரும் கோப்பைகளை உயர்த்தினார்கள். இருபது கைகள் உயர்ந்தன. இருபதும் காலி; ஒரு சிறுவன் தன் கோப்பையைத் தலைகீழாகவே பிடித்திருந்தான், அதை யாரும் திருத்தவில்லை.

தோழிக்கு வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு நல்ல காலுறைகள் வாங்கிக்கொடு என்றேன். வேறொரு நாளாக இருந்தால் உடனே கட்டு என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவள் இன்று காலையில்தான் கேட்டாள்.