ஸ்கைலைன் வி35: ஓட்டலாம், ரேடியோ கேட்க முடியாது

ஆக்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நிசானின் வி35 ஸ்கைலைன் கார் இப்போ அடிமாட்டு விலைக்குக் கிடைக்குதே, வாங்கலாமா? செடானா, கூப்பேயா?" முன்பு நான்கு கதவுள்ள 250ஜிடி செடான் வைத்திருந்தேன், இப்போது ஓட்டுவது இரண்டு கதவுள்ள 350ஜிடி கூப்பே. அதனால் என்னிடம் கேட்டிருக்கிறார். பாவம், கேட்ட நேரம்தான் சரியில்லை. சமீபத்தில் பேட்டரி மாற்றினேன். அதிலிருந்து டாஷ்போர்டுத் திரை, வரைபட டிஸ்க்கைப் போடு என்று ஜப்பானிய மொழியில் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த டிஸ்க் ஜப்பானில் எந்த ஊரில், யார் வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ! எனக்கு வந்தது வண்டியும் ஒற்றைச் சாவியும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும்.

2001-இல் வி35 செடான் வந்தபோது ஜப்பானில் பழைய ஸ்கைலைன் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இதற்கு முந்தைய தலைமுறையான ஆர்34 வரை இருந்த நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின் போய் வி6 வந்தது. டர்போ அடியோடு போனது. 1999 டோக்கியோ மோட்டார் ஷோவில் எக்ஸ்விஎல் என்று காட்டிய வண்டிக்கு ஸ்கைலைன் பெயரை ஒட்டிவிட்டார்கள் என்பது அவர்களின் ஆற்றாமை. இதே வண்டி அமெரிக்காவுக்கு இன்ஃபினிட்டி ஜி35 என்று போனது. அங்கே ஆர்34 நினைவு யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 2003-இன் சிறந்த கார் விருதையே கொடுத்தது. இன்றைக்கு ஆர்34 விலையைக் கேட்டால் வீட்டுக்கடன் வாங்க வேண்டியிருக்கும். வி35 என்னைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகிறது என்றால், அன்று முகம் சுளித்த அந்த ரசிகர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

என்ஜினை முன் சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். எடை முன்னால் 52, பின்னால் 48 என்ற விகிதம். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எடை பின்னுக்குச் சாய்ந்து கிட்டத்தட்டச் சரிபாதி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். நியூசிலாந்தின் தேம்ஸ் ஊரிலிருந்து கோரமண்டல் ஊருக்குக் கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும் 25-ஆம் நெடுஞ்சாலையில் ஓட்டியபோது கணக்கு சரிதான் என்று புரிந்தது. மூக்கு எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது, பின்பக்கம் பதறாமல் கூடவே வருகிறது. கூப்பேயின் 3.5 லிட்டர் என்ஜினுக்கு 280 குதிரைத்திறன். ஜப்பானியக் கம்பெனிகள் இதற்கு மேல் போவதில்லை என்று 2004 வரை தங்களுக்குள் வைத்திருந்த எல்லையும் அதேதான். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். கெடு வைத்துப் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம்.

இன்னொரு சின்னச் சந்தோஷம். ஸ்டீயரிங்கை உயரத்துக்கு ஏற்ப மேலே தூக்கினால் மீட்டர்களும் சேர்ந்து மேலே வரும். என் மனைவி ஓட்டிவிட்டு வைத்தால் நான் திருத்துவேன், நான் வைத்தால் அவள் திருத்துவாள். எப்படித் திருத்தினாலும் வேகமானி ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. இதை இன்னும் எல்லாக் கம்பெனியும் ஏன் செய்யவில்லை என்று புரியவில்லை.

செடானின் 2.5 லிட்டரில் 215 குதிரைத்திறன். மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும், மற்றபடி குறையில்லை. பின்கதவு இருக்கிறது, குழந்தை இருக்கையை மாட்டுவது எளிது. கூப்பேயில் பின்னால் பெரியவர்களை உட்கார வைத்தால் கண்ணாடியில் தலை இடிக்கும். டயரும் முன்னால் 225, பின்னால் 245. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த வழியில்லை. இரண்டுக்கும் பிரீமியம் பெட்ரோல்தான். சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்ற கனவு வேண்டாம்.

சரி, இப்போது ரேடியோவுக்கு வருவோம்.

ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த வண்டி இது. அங்கே எஃப்எம் அலைவரிசை 76-இல் தொடங்கும். என் வண்டியின் ரேடியோ 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நியூசிலாந்தில் நிலையங்கள் எல்லாம் 88-இலிருந்து 108 வரை. அதாவது, ரேடியோ முடிகிற இடத்தில்தான் இந்த ஊரே தொடங்குகிறது. இதற்கு மருந்தாக ஆண்டெனா வயருக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார்கள், பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று பெயர். எக்ஸ்பாண்டர் என்றால் எதையோ விரிக்கும் என்று நினைக்காதீர்கள். வரும் அலைவரிசையை இத்தனை என்று கீழே இறக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ரேடியோ பிடிக்கும் ஜன்னலின் அகலம் அதே 14 மெகாஹெர்ட்ஸ், இடம்தான் மாறும்.

என் வண்டியை விற்ற டீலர் மாட்டியிருந்தது 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டி. 88 முதல் 102 வரை கிடைக்கும். நியூசிலாந்தின் பொது வானொலியான ஆர்என்இசட் நேஷனல் 101.4-இல் வருகிறது, என் ரேடியோவில் அது 89.4. பன்னிரண்டைக் கூட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும், அது பழகிவிட்டது. ஆனால் ஆக்லாந்தில் பல மொழிக்காரர்களும் தங்கள் நிகழ்ச்சிகளை நடத்துகிற பிளானட் எஃப்எம் இருப்பது 104.6-இல். பன்னிரண்டு கழித்தால் 92.6. என் ரேடியோவின் எல்லைக்கு வெளியே! 16 இறக்கும் பெட்டி போட்டால் 88.6-இல் கிடைத்துவிடும், ஆனால் 92-க்குக் கீழே உள்ள நிலையங்கள் அத்தனையும் போய்விடும். இருபது மெகாஹெர்ட்ஸ் ஊரைப் பதினாலு மெகாஹெர்ட்ஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதில் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதுதான் கேள்வி.

ரேடியோவையே கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாமே என்பீர்கள். மற்ற வண்டிகளில் செய்யலாம். இதில் ஆடியோவும் ஏசியும் ஒரே பலகையில் குடும்பம் நடத்துகின்றன, ஏசி எத்தனை டிகிரி என்பதையும் மேலே உள்ள அந்தத் திரைதான் காட்ட வேண்டும். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று அழும். புது ரேடியோவைப் பொருத்தத் தனியாகச் சட்டகம் வாங்கி, வயரிங் மாற்றி, ஆள் பிடித்துச் செய்யலாம். அதற்குக் கேட்கிற கூலியில் பின் டயர் இரண்டும் புதிதாகப் போட்டுவிடுவேன். போட்டும் விட்டேன்.

போனை இணைக்க வழியில்லை. அந்தக் காலத்துச் சின்ன இசைத் தட்டான மினிடிஸ்க்கைச் செருக ஒரு வாய் இருக்கிறது, மினிடிஸ்க்குக்கு நான் எங்கே போவேன்? டிவி பொத்தானும் உண்டு. அது தேடும் அனலாக் ஒளிபரப்பு 2011-இல் ஜப்பானின் பெரும்பகுதியில் நின்றுவிட்டது. கடைசியில் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்தான் கதி. அதை 100-இல் வைத்து ரேடியோவை 88-இல் திருப்பினால் பாட்டு வரும், கூடவே ஓர் இரைச்சலும் வரும்.

செடானில் இதற்கு மேல் ஒரு அம்மணியும் இருந்தார். வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் சுங்கக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பானிய மொழியில் பணிவாகச் சொல்லுவார். இந்த நாட்டில் சுங்கச் சாலையே மூன்றுதான், அங்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், அட்டைக்கு வேலை இல்லை. ஆனால் அந்தக் கருவியை நீக்கப் பத்து நிமிடம் போதும், வயரைப் பிடுங்கினால் முடிந்தது. அதனால் அம்மணி மேல் எனக்குக் கோபம் இல்லை. ரேடியோ மேல்தான்.

நியாயமாகப் பார்த்தால் இதில் வண்டியைச் செய்தவர்களின் தப்பு எதுவும் இல்லை. டோக்கியோவில் ஓட்டச் செய்ததை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்தது நாம். அது மூளைக்குப் புரிகிறது. காலை ஏழரை மணிக்குத் தெற்கு மோட்டார்வேயில் வண்டி நகராமல் நிற்கும்போது, இரைச்சலுக்கு நடுவே செய்தியைத் தேடும் காதுக்குப் புரியவில்லை.

எனவே என் தீர்ப்பு: வாங்காதீர்கள். தினமும் வேலைக்குப் போக ஒரு வண்டி வேண்டும், அதில் பாட்டும் செய்தியும் வேண்டும் என்றால் சத்தியமாக இது வேண்டாம். நான் விற்கப் போகிறேனா என்றால், இல்லை. போன மாதம் ஒருவர் வந்து நல்ல விலையே கேட்டார். கோரமண்டல் பக்கம் இன்னும் ஓட்டாத வளைவுகள் பாக்கி இருக்கின்றன என்று அனுப்பிவிட்டேன்.

சொன்னதைக் கேட்காமல் வாங்குவதாக இருந்தால் 350ஜிடி-8 என்ற செடானை மட்டும் தொடாதீர்கள். அதில் இருப்பது எக்ஸ்ட்ராய்டு சிவிடி, படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக். பெல்ட்டுக்குப் பதில் வட்டுகளுக்கு நடுவே உருளைகள் சாய்ந்து வேகத்தை மாற்றும் அருமையான பொறியியல். ஆனால் ஓரிரு மாடல்களோடு நின்றுபோனது, எண்ணெய்கூட அதற்கென்றே தனி. கெட்டுப்போனால் திறந்து பார்க்கும் மெக்கானிக்கைத் தேடுவதற்குள் வண்டி பழைய இரும்புக்குப் போய்விடும். 300ஜிடி கிடைத்தால் நல்லது, 260 குதிரைத்திறன், சாதாரண ஆட்டோமேட்டிக். ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் ஆர் என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. முன் சஸ்பென்ஷன் ரப்பர்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், இத்தனை வயதில் எந்த ரப்பரும் புதுசாக இருக்காது.

அப்புறம், விலை பேசுவதற்கு முன்னால் டீலர் பக்கத்தில் நிற்கும்போதே சாவியைத் திருப்பி பிளானட் எஃப்எம் வருகிறதா என்று தேடுங்கள். வரவில்லை என்றால் எக்ஸ்பாண்டர் எத்தனை இறக்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அங்கிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம்.