மதுரையில் லேண்ட்ஸ்கேப்பிங் தொழில்: லீட்டைக் காசு கொடுத்து வாங்குவதா, கூகுளில் நாமே விளம்பரம் போடுவதா?

லீட் ஒன்று, அதாவது வேலைக்காக விசாரிப்பவர் ஒருவரின் பெயரும் போன் எண்ணும், என்ன விலைக்கு விழுகிறது என்று பார்த்துத்தான் பலரும் லீட் தரும் தளங்களில் பேக்கேஜ் எடுக்கிறார்கள். அந்த விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அட்வான்ஸ் கைக்கு வந்த வேலை ஒன்றுக்கு எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டுக்கு 24,000 ரூபாய் பேக்கேஜ், 18% ஜிஎஸ்டியோடு 28,320. வருஷத்தில் 120 பேர் விசாரித்து, 24 சைட்டை நேரில் பார்த்து, 6 வேலை கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். சைட் பார்க்கப் பெட்ரோலும் நேரமுமாக 300 ரூபாய் போட்டால் அதுவே 7,200. ஆக மொத்தம் 35,520, அதாவது வேலைக்கு 5,920 ரூபாய். 40,000 ரூபாய் வேலையில் 20% லாபம் நின்றால் 8,000 வரும். லீட் செலவு போக மிஞ்சுவது 2,080தான். அதே செலவில் 2 லட்ச ரூபாய் வேலை பிடித்தால் 40,000 நிற்கும், 5,920 உறுத்தாது. கே.கே. நகர், அண்ணா நகர் வீடுகளில் சின்னச் சின்னத் தோட்டம் போடுகிறவருக்கும், அழகர்கோவில் சாலைப் பக்கம் பண்ணை வீடு, ரிசார்ட் செய்கிறவருக்கும் ஒரே பேக்கேஜ் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஜஸ்ட்டயல், சுலேகா மாதிரியான தளங்களில் ஒரே விசாரணை பல பேருக்குப் போகும். முதலில் கூப்பிடுகிறவருக்குத்தான் சைட் பார்க்கும் வாய்ப்பு. லீட் வந்த ஐந்து நிமிஷத்துக்குள் போன் அடிக்க ஆள் இருந்தால் இது ஓடும். நீங்களே சைட்டில் மண்வெட்டியோடு நின்றுவிட்டு சாயங்காலம் கூப்பிடுவதானால் வேண்டாம். இன்னொரு இடறல், பிரிவைத் தேர்ந்தெடுப்பதில். விற்பனைப் பிரதிநிதி ‘நர்சரி’, ‘தோட்டக்காரர்’ என்று எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால், பத்துத் தொட்டி கேட்பவரும் மாதச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர் தேடுபவரும்தான் அதிகம் கூப்பிடுவார்கள். லேண்ட்ஸ்கேப்பிங், புல்தரை அமைத்தல் இரண்டை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். தவறான எண், வேலைக்குச் சம்பந்தமில்லாத லீட் வந்தால் மாற்று உண்டா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் வாங்குங்கள். மாதத் தவணைக்கு இ-நாச் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் அனுமதி) கையெழுத்துப் போட்டால் நிறுத்தும் விதிமுறையையும் அப்போதே படித்துவிட வேண்டும். பிரதிநிதியிடம் போனில் ‘வேண்டாம்’ என்று சொன்னதால் மட்டும் வங்கியில் பிடித்தம் நிற்காது.

இந்தியாமார்ட் வேறு ரகம். அது மொத்த வியாபாரச் சந்தை. செயற்கைப் புல், பேவர் கல், சொட்டுநீர்க் குழாய், மொத்தச் செடி கேட்கும் ஆட்கள் அங்கே வருவார்கள். கல்லூரி, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை வளாகம் எடுத்துச் செய்கிறவருக்கும் பொருளும் விற்கிறவருக்கும் உதவும். வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். லீட் வாங்குமுன் ஊரைப் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு விலைப்புள்ளி அனுப்பிக் காத்திருப்பது வீண்.

எங்கள் கணிப்பில், ஒன்றிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் மதுரைத் தொழிலுக்குக் கூகுள் தேடல் விளம்பரம்தான் முதல் தேர்வு. வரும் அழைப்பு உங்களுக்கு மட்டுமே வரும், நினைத்த நாளில் நிறுத்தலாம். ஆனால் கூகுள் சொல்கிற அமைப்பிலேயே விட்டால் காசு கரையும். இட அமைப்பில், மதுரையில் இருப்பவர்களோடு மதுரை மேல் ‘ஆர்வம் காட்டியவர்களும்’ தானாகவே சேர்ந்திருப்பார்கள். அதை ‘இருப்பவர்கள்’ மட்டும் என்று மாற்றுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்தான், அவர்களுக்குப் பிறகு தனி கேம்பெய்ன் போடுங்கள். வேலை, சம்பளம், கோர்ஸ், இமேஜஸ், பிடிஎஃப், ஆன்லைன் ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நெகட்டிவ் பட்டியலில், அதாவது விளம்பரம் காட்டக் கூடாத தேடல் சொற்களின் பட்டியலில், முதல் நாளே போட வேண்டும். ‘மாடித் தோட்டம்’ என்ற சொல்லில் கவனம் தேவை: தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் கிட்டைத் தேடுகிறவர்களும் அதைத்தான் தட்டுகிறார்கள். வாரம் ஒருமுறை எந்தத் தேடலுக்குக் காசு போனது என்ற அறிக்கையைத் திறந்து, ஆகாததை நெகட்டிவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். விளம்பர நேரத்தை நீங்கள் போன் எடுக்கும் நேரத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. கடை இல்லாவிட்டால் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளாக 20 இடம் வரை கொடுக்கலாம். திருப்பாலை, ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டை என்று நீங்கள் உண்மையிலேயே போகும் இடங்களைப் போடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் படிவத்தில் லீட் மலிவாக வரும், குவியவும் செய்யும். படிவத்தில் எண் தானாக நிரம்பிவிடுவதால், கூப்பிட்டால் ‘நான் எதுவும் கேட்கலையே’ என்பவர்களும் உண்டு. அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் ‘ஹையர் இன்டென்ட்’ வகைப் படிவம் வைத்து, எத்தனை சென்ட் இடம் என்ற கேள்வியை அவர்களே தட்டி நிரப்பும்படி விட்டால் பாதித் தொல்லை குறையும். லீட் விவரத்தை 90 நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் வந்தாலும் முதல் போனிலேயே சலித்துவிட வேண்டும். இடம் எங்கே, எத்தனை சென்ட், போர் தண்ணீர் உப்பா, பால் காய்ச்சுவது எப்போது என்று கேளுங்கள். ‘ரெண்டு சென்ட்டுக்குப் புல் போடணும்’ என்கிறார் என்றால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 871 சதுர அடி. நாலு அங்குலம் செம்மண் பரப்ப 290 கன அடி, கிட்டத்தட்ட 3 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) வேண்டும். மண்ணுக்கு இவ்வளவு, கொரியன் புல் பாளத்துக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று போனிலேயே குத்துமதிப்பாகச் சொல்லுங்கள். தொகையைக் கேட்டதும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று வைப்பவரைப் பார்க்கத் திருமங்கலம் வரை வண்டி எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வழிக்கும் தனி சிம் வைத்துக்கொண்டால், எந்தப் பணம் எந்த வேலையைக் கொண்டுவந்தது என்பது மாதக் கடைசியில் தானே தெரியும்.

ஆடி, மார்கழியில் புதுமனை புகுவிழா இல்லை என்று விளம்பரத்தை அணைத்துவிடுகிறவர்கள் பலர். ஆவணி, தை முகூர்த்தம் வைத்தவர்கள் ஆள் தேடுவது அந்த மாதங்களில்தான். விரித்த புல் பாளம் வேர் பிடிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். பட்ஜெட்டில் பெரிய பங்கை ஆடி முதல் வாரத்துக்கும் மார்கழி முதல் வாரத்துக்கும் ஒதுக்குங்கள்.