நுனி உடையாத கருப்பு டூர்மலைன்: வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது

கருப்பு டூர்மலைன் என்னும் படிகக் கனிமத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கல்லின் நுனியை. எடை, கருமை, பளபளப்பு எல்லாம் அப்புறம்தான். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மூன்று கற்கள் வாங்கினேன். அதில் ஒன்று அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதன் நுனி.

வேலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் இருந்து இரவு வரை லென்ஸில் கீறல் இருக்கிறதா, ஓரம் சில்லு விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. கல்லையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பது சேகரிப்பவர்களுக்காக, அதாவது மண்ணுக்குள் விளைந்த வடிவத்திலேயே கல்லை வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்காக.

முதல் கல் நமீபியாவின் எரோங்கோ மலையில் இருந்து வந்தது. நாலு சென்டிமீட்டர் உயரம், கட்டைவிரலை விட ஒல்லி. அடியில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய கனிமம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலை 2,600 ரூபாய். போட்டோவில் சாதாரண கருப்புக் குச்சியாகத்தான் தெரிந்தது. கையில் எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்ததும்தான் அதன் அழகு தெரிந்தது. அடியில் இருந்து மேலே வரை புடவைக் கொசுவம் போல நெருக்கமான நீளக் கோடுகள். கல்லை மெதுவாகத் திருப்பினால் வெளிச்சம் ஒவ்வொரு கோடாகத் தாவிப் போகிறது. மேலே மூன்று சரிவான முகங்கள் ஒரு புள்ளியில் சேர்கின்றன. அந்த முகங்களில் கோடே கிடையாது, வழவழவென்று இருக்கின்றன. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு முகத்தின் ஓரத்தில் மட்டும் கடுகில் பாதி அளவுக்குச் சில்லு. மற்றபடி முழுசு. நுனிக்கு நேர் மேலே இருந்து பார்த்தால் மூலை மழுங்கிய முக்கோணம். டூர்மலைன் என்று அடையாளம் சொல்ல இந்த முக்கோணமும் நீளக் கோடுகளும் போதும்.

இந்தக் கருப்பு வகைக்கு ஷோர்ல் என்று பெயர். போரானும் அலுமினியமும் சோடியமும் சேர்ந்த சிலிக்கேட். கருமை இரும்பால் வருவது. பெரிய பெரிய படிகங்களாக உறைந்த பெக்மடைட் பாறைகளில்தான் பெரும்பாலும் நன்றாக விளைகிறது. கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவில், 7க்கு மேல், அதாவது எஃகுக் கத்தி கீறாது. ஆனால் கடினமான கல் உடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ஷோர்ல் குறுக்குவாட்டில் சட்டென்று முறியும். அதனால்தான் நுனி முழுசாக உள்ள கல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

இரண்டாவது கல்லில்தான் மனசு நொந்தது. ஆறு சென்டிமீட்டர், பார்க்க ஜோராக இருந்தது. லேபிளில் ‘இந்தியா’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த மாநிலம், எந்தச் சுரங்கம், ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய கோடு குறுக்கே போனதால் சந்தேகம் வந்து, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டறையில் அடித்தேன். அந்தக் கோடு முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. ஷோர்ல் அந்த விளக்கில் ஒளிராது, பசைதான் ஒளிரும். உடைந்த கல்லை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டியது தப்பே இல்லை, பெரிய சேகரிப்புகளிலும் ஒட்டிய கற்கள் உண்டு. அதைச் சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலைக்குக் கொடுக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சு இல்லாமல் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த நேர்மைக்காகத்தான் அவர்களிடம் மறுபடி வாங்கலாம் என்கிறேன். ஆனால் ஊதா விளக்கு கையில் இருக்கட்டும், இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

மூன்றாவது நெல்லூர் மைக்கா பகுதியில் இருந்து வந்தது, நமக்குப் பக்கத்து மாநிலம்தான். வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் கருப்புக் கம்பிகள் கோணல்மாணலாகப் பாய்ந்திருக்கின்றன. நுனி எதுவும் இல்லை, எல்லாம் குவார்ட்ஸுக்குள் புதைந்தே நிற்கின்றன. விலை 350. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். வெள்ளைக்குள் கருப்பு எப்படி விளைந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நான் கல் வாங்குவது தெரிந்த பிறகு, திருப்பத்தூர், குடியாத்தம் பக்கத்து வாடிக்கையாளர்கள் கருப்புக் கல் கொண்டுவந்து, “அண்ணே, இது டூர்மலைனா பாருங்க” என்கிறார்கள். பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் என்ற வேறொரு கருப்புக் கனிமம்தான். உடைந்த பக்கத்தைப் பாருங்கள். ஹார்ன்பிளெண்ட் தட்டையான மினுக்கும் தளங்களாகப் பிளக்கும், அந்தத் தளங்கள் 56, 124 டிகிரியில் சாய்ந்து சந்திக்கும். டூர்மலைனுக்கு அப்படிப் பிளவுத் தளம் இல்லை. ஒழுங்கில்லாமல், கண்ணாடி உடைந்த மாதிரி முறியும்.

டூர்மலைன் மணி கோத்த வளையலைப் பற்றியும் கேட்கிறார்கள். கருங்காலி மாலை போட்டவர்களில் சிலர் இப்போது திருஷ்டிக்காகக் கருப்பு டூர்மலைன் மணி கேட்கிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் உருட்டி மெருகேற்றிய மணியில் கோடும் போய்விடும், முகமும் போய்விடும், நுனியும் போய்விடும். அதில் சேகரிக்க ஒன்றும் மிஞ்சாது. கருப்புக் கண்ணாடியில் செய்த மணியையும் அதையும் வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டம் வேறு.

என் தொழிலுக்கும் டூர்மலைனுக்கும் பழைய உறவு உண்டு. அந்தக் காலத்து மூக்குக்கண்ணாடிக் கடைகளில் டூர்மலைன் இடுக்கி என்று ஒரு கருவி இருந்தது. வெளிச்சம் ஊடுருவும் பச்சை அல்லது பழுப்பு டூர்மலைன் தகடுகள் இரண்டை ஒரு கம்பி இடுக்கியில் குறுக்காகப் பொருத்தினால் நடுவே இருட்டாகும். இடையில் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் வைத்தால் இருட்டு அப்படியே இருக்கும், படிகக்கல் (குவார்ட்ஸ்) லென்ஸ் என்றால் வெளிச்சம் தெரியும். படிகக்கல் என்று சொல்லிச் சாதாரணக் கண்ணாடியை விற்கிறார்களா என்று கண்டுபிடிக்க அதுதான் சோதனை. அப்படி ஒரு இடுக்கியை நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். டூர்மலைன் சூடானாலும் குளிர்ந்தாலும் அதன் இரு நுனிகளிலும் மின்னூட்டம் உண்டாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சூடாக்கிய டூர்மலைனை வைத்துப் புகைக்குழாயில் இருந்து சாம்பலை இழுத்திருக்கிறார்கள். அழுத்தினாலும் மின்னூட்டம் வரும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் காட்டியபோது அவர்கள் சோதித்த படிகங்களில் டூர்மலைனும் ஒன்று. நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பக்கத்துக் கல்லை விட இது அதிகமாகத் தூசி பிடிக்கிறது. மூடிய கண்ணாடிப் பெட்டிதான் சரி. சுத்தம் செய்ய மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். மூக்குக்கண்ணாடி கழுவுகிற அல்ட்ராசோனிக் தொட்டி என் கடையிலேயே இருக்கிறது, ஆனால் அதில் ஷோர்லைப் போடமாட்டேன். உள்ளே விரிசல் இருந்தால் தொட்டியின் அதிர்வில் கல் இரண்டாகிவிடும்.

பேக்கிங்குக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு கல்லையும் டிஷ்யூவில் சுற்றி, பஞ்சு வைத்து, தனித்தனி டப்பாவில் அனுப்பியிருந்தார்கள். வழியில் எதுவும் உடையவில்லை. படங்களில்தான் குறை. பக்கத்தில் ஸ்கேலோ நாணயமோ வைப்பதில்லை, நுனியைக் கிட்டத்தில் காட்டுவதும் இல்லை. வாங்கும் முன் நுனியை மேலே இருந்தும் பக்கவாட்டிலும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்குக் கேட்டவுடன் அனுப்பினார்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். எந்த ஊர்ச் சுரங்கம் என்று எல்லா லேபிளிலும் எழுதத் தொடங்கினால் அந்த ஐந்தாவதையும் கொடுத்துவிடலாம்.