இன்ஜின் ஆயில்: காலையில் பார்ப்பதா, ஓட்டி நிறுத்திப் பார்ப்பதா?

ராத்திரி முழுக்க நின்ற காரில் ஆயில் எல்லாம் இன்ஜினின் அடியிலுள்ள சம்ப் எனும் ஆயில் தொட்டிக்கு இறங்கியிருக்கும். கை சுடாது, காத்திருக்கவும் வேண்டாம். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, கடைசிவரை செருகி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். குச்சியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். நுனியை மேலே தூக்கினால் ஆயில் வழிந்து இல்லாத அளவைக் காட்டும்.

ஓட்டி நிறுத்திப் பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அணைத்த கையோடு பார்த்தால் ஆயிலில் ஒரு பகுதி இன்னும் மேலேயே இருக்கும், அளவு குறைவாகத் தெரியும். பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றினால் வினைதான்: அளவு மிஞ்சினால் இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், மசகு கெடும். 5 முதல் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். இன்னொன்று, சூட்டில் ஆயில் விரியும். 4 லிட்டர் ஆயில் 70 டிகிரி சூடேறினால் சுமார் 200 மி.லி. கூடுதலாகத் தெரியும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 1 லிட்டர்தான் என்பதால், இதை அலட்சியப்படுத்த முடியாது.

சமதரை இரண்டுக்குமே கட்டாயம்.

எது சரி என்பதை உங்கள் காரின் கையேடு சொல்லும். டொயோட்டா கையேடுகள் பலவும் சூடான இன்ஜினை அணைத்து 5 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கின்றன. கையேடு கைவசம் இல்லையென்றால் என் ஓட்டு காலை நேரத்துக்கே. விதிவிலக்கும் உண்டு: காற்றால் குளிரும் பழைய போர்ஷ் 911-இல் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் பார்க்க வேண்டும்.