304 என்று விற்ற பைப், 38,500 ரூபாய் போச்சு: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனம்

எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில் போட்டு, பைப் மேலேயே 304 என்று அச்சும் அடித்து, மட்டமான சரக்கை அனுப்பி 38,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டான் ஒருவன். லேப் ரிப்போர்ட் நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. வீட்டில் வைத்து வண்டி பார்ட்ஸ் செய்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி, அந்தக் காலத்துக் கார், இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஆர்கான் வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், பளபளப்பாக்குகிற பஃபிங் மோட்டார் எல்லாம் வைத்திருக்கிறேன். பத்மினிக்கு இப்போது கடையில் கிடைக்கிற இரும்பு சைலன்சர் சீக்கிரமே ஓட்டையாகிவிடும். புகையோடு வருகிற நீராவி உள்ளே தண்ணீராகத் தங்குகிறது. ஊருக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டினால் சைலன்சர் முழுசாகச் சூடேறாது, தண்ணீரும் காயாது, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். திருவான்மியூர் கடல் காற்று வெளியிலிருந்து வேலையைக் காட்டும். அதனால்தான் எனக்கும் பத்மினி வைத்திருக்கிற மூன்று நண்பர்களுக்கும் சேர்த்து, மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற முதல் குழாய்) கீழே இருந்து பின்பக்கம் வரைக்கும் 304-லேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். 38,500 ரூபாயில் அவர்கள் மூவரின் பங்கும் இருக்கிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தொழிற்சாலைச் சாமான் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் இணைக்கிற ஆன்லைன் தளம் ஒன்றில் ஆள் கிடைத்தான். ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற முத்திரை அவன் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒன்றரை இஞ்ச் பைப், 1.5 மில்லி கனம், 6 மீட்டர் நீளத்தில் எட்டு. எட்டுக்கு நாலு அடி தகடு ஒன்று. விலை கேட்டேன். மற்றவர்கள் சொன்னதை விடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். அவன் மார்க்கெட் விலையைத்தான் சொன்னான்.

எதற்கு என்று கேட்டான். பத்மினிக்கு என்றதும் அவன் குரலே மாறிவிட்டது. “அண்ணே, எங்க அப்பா டாக்ஸி ஓட்டினதே பத்மினிதாண்ணே. உங்களுக்குப் போய் மட்டமான சரக்கு கொடுப்பேனா?” என்றான். ராத்திரி வீடியோ அனுப்பினான். குடோனில் நின்று பைப் மேல் காந்தத்தை வைக்கிறான், ஒட்டாமல் நழுவி விழுகிறது. “பாத்தீங்களாண்ணே, ஒரிஜினல் 304”. கூடவே மில் டெஸ்ட் சான்றிதழ், அதாவது உருக்காலை தருகிற தரச் சான்று, பிடிஎஃப்பாக: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நண்பர்களுக்கும் அனுப்பினேன். எல்லோரும் சரி என்றார்கள். பணத்தை அனுப்பினேன்.

அந்தக் காந்தச் சோதனை சுத்த ஏமாற்று. 304-ல் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் 202, ஜே4 போன்ற 200 வரிசைச் சரக்கிலும் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்கிற ரகம் அது. பளபளப்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்னொன்று, நல்ல 304 பைப்பையே வளைத்தால் வளைவில் காந்தம் லேசாகப் பிடிக்கும். ஆகக் காந்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

சரக்கு வந்தது. அம்பத்தூரில் பைப்பை வளைத்து வாங்கி வந்தேன். பைப்பின் முனைகளை அலுமினியத் தாளால் அடைத்து, உள்ளேயும் ஆர்கான் வாயு விட்டு, 304-க்கு ஏற்ற 308எல் ராடில் வெல்டிங் செய்தேன். உள்பக்கம் கருகாமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். முதல் செட் முடிந்து பஃபிங்கும் போட்டாயிற்று. மழை ஆரம்பித்த பிறகு ஒருநாள் ஷெட்டில் மீதிப் பைப்பை எடுத்தால் விரலில் பழுப்பாக ஒட்டுகிறது. கிட்டே வைத்துப் பார்த்தால் ஊசி முனை அளவில் புள்ளி புள்ளியாகத் துரு. துணியால் துடைத்தால் மேலே போகிறது, அடியில் சின்னக் குழி நிற்கிறது. வெல்டிங் சூடே படாத, வண்டியில் ஏறவே ஏறாத துண்டு அது! தின்னரில் நனைத்துத் தேய்த்தேன், 304 என்ற அச்சு அழிந்தே போய்விட்டது.

போன் செய்தேன். “கடல் காத்துண்ணே, எல்லா எஸ்எஸ்ஸும் லேசா பழுப்பு ஏறத்தான் செய்யும்”. வெல்டிங் செய்யாத துண்டும் குழி விழுகிறதே என்றேன். “உங்க கிரைண்டர்ல இரும்புத் தூள் பட்டிருக்கும்”. சரி, மாற்றிக் கொடு என்றேன். “வெட்டின சரக்கு ரிட்டன் கிடையாதுண்ணே”. 6 மீட்டர் பைப் பார்சல் லாரியில் ஏறாது என்று பாதியாக வெட்டி அனுப்பியவனே அவன்தான். அப்புறம் அண்ணே போய் சார் ஆனது. அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை.

அந்தத் தளத்தில் புகார் கொடுத்தேன். உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று பதில். நாங்கள் இணைப்பதோடு சரி, விற்பனைக்குப் பொறுப்பில்லை என்று அடுத்த பதில். பிறகு புகாரையே மூடிவிட்டார்கள். அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், விற்பவரின் ஆவணங்களைச் சரிபார்த்தோம் என்று பொருளாம், சரக்கை அல்ல. 38,500 ரூபாய் கொடுத்தவன் அந்த முத்திரையைப் பார்த்துத்தானே கொடுத்தான்?

லேப் ரிப்போர்ட்டில் நிக்கல் 1 சதவீதம்தான். மாங்கனீசு 9-க்கு மேல். பார்சல் ரசீதையும் எடுத்துப் பார்த்தேன். பில்லில் 101 கிலோ, லாரியில் ஏறியது 88 கிலோ. 1.5 மில்லி என்று பணம் வாங்கிவிட்டு 1.2 மில்லி பைப்பை அனுப்பியிருக்கிறான். தரத்திலும் திருட்டு, எடையிலும் திருட்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன்.

சோதனை பற்றிச் சொல்கிறேன் என்றேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. 202-ஆ 304-ஆ என்று பார்க்கிற திரவம் சின்ன பாட்டிலில் விற்கிறது. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் மாங்கனீசு அதிகமுள்ள சரக்கில் சிவப்பாகும். முழுப் பணம் கட்டும் முன் ஒரு துண்டு வாங்கி இதைச் செய்யுங்கள். பைப்பை எடை போடுங்கள்: ஒன்றரை இஞ்ச், 1.5 மில்லி, 6 மீட்டர் என்றால் சுமார் 8.2 கிலோ வர வேண்டும், 6.6 வந்தால் அது 1.2 மில்லி. சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய சரக்குக்குப் போடுகிற எண்) பைப்பில் இருக்கிறதா பாருங்கள், எனக்கு வந்ததில் வேறு நம்பர். சொந்த வண்டிக்கு என்றால் பில்லை உங்கள் பெயரிலேயே கேளுங்கள், கம்பெனி ஜிஎஸ்டி நம்பரைக் கொடுக்காதீர்கள். வியாபாரத்துக்கு வாங்கினீர்கள் என்று சொல்லி நுகர்வோர் வழக்கையே தட்டிவிடுவார்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கிய தகட்டில் சைலன்சரைத் தாங்குகிற பிராக்கெட் செய்து மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் குனிந்து வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். சைலன்சர் தொங்குவது அதில்தான்.