இறால் குட்டையில் அம்மோனியா: ஜியோலைட்டா, புரோபயாடிக்கா?

கடலூர் மாவட்டத்தில் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் வளர்ப்பவர்கள், குட்டை நீரில் இறாலுக்கு நஞ்சான அம்மோனியா ஏறினால், ஜியோலைட்டா, புரோபயாடிக்கா (நன்மை செய்யும் பாக்டீரியாக் கலவை) என்று இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வேலை: ஜியோலைட் நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் கனிமம், தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுவிட்டு அம்மோனியத்தை (நீரில் அம்மோனியா எடுக்கும் அயனி வடிவம்) பிடித்துக்கொள்ளும். புரோபயாடிக்கில் நைட்ரிஃபையிங் பாக்டீரியா இருந்தால் அது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும்.

வேகம்: ஜியோலைட்டுக்கு, நன்னீரில், சில மணி நேரம். பாக்டீரியா பெருகப் பல நாள் ஆகும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) நிற்கக் கூடாது.

உப்பு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளாற்று முகத்துவார நீரில் சோடியம் ஏராளம். ஜியோலைட்டின் இடங்களை அதுவே பிடித்துக்கொள்ளும், அம்மோனியத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பயன்படுத்திய ஜியோலைட்டைப் புதுப்பிப்பதே உப்புக் கரைசலில் ஊறவைத்துத்தானே! அதையே உவர்நீரில் மூட்டை மூட்டையாகக் கொட்டி, கடன் வாங்கிய காசைக் கரைப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பாக்டீரியாவுக்கு உப்பு பெரிய தடையில்லை, உவர்நீருக்கான வகையைக் கேட்டு வாங்கினால் சரி.

மறுபயன்பாடு: வடிகட்டியில் வைத்த ஜியோலைட்டுக்கு உண்டு. குட்டையில் தூவியதை அள்ள முடியாது.

நன்னீர்த் தொட்டிக்கும், கெண்டைக் குஞ்சு அனுப்பும் பைக்கும் ஜியோலைட் வாங்குங்கள். உவர்நீர் இறால் குட்டைக்குப் புரோபயாடிக். அதற்கும் முன்னால் தீவனத்தைக் குறையுங்கள், அம்மோனியா பெரும்பாலும் வருவது அதிலிருந்துதான்.