விடிலியில் வாங்கிய சிரட்டைக் கருப்பட்டி: விலை தகும், பொட்டலம்தான் சரியில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து விடிலிகளில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைகளில், நேராக வாங்கும் சிரட்டைக் கருப்பட்டிக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். சந்தை விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு கிலோவுக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் அக்கானி (பதநீர்) வற்ற வேண்டும். அதற்குக் காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து பதநீர் ஊறுவது குறைந்துவிடும். விறகுச் செலவு தனி. கேட்கிற விலை நியாயமே.

தரத்தில் பாதி, பாளையில் கட்டும் கலயத்தில் தடவும் சுண்ணாம்பிலேயே முடிவாகிவிடும். அது குறைந்தால் அக்கானி புளிக்கும். புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காமல் இளகியே கிடக்கும். கூடினால் கசக்கும், நிறமும் கறுக்கும். இந்தக் கருப்பட்டியில் கசப்பே இல்லை. தெளியவைத்து, துணியில் அரித்த பிறகே அடுப்பேற்றுகிறார்கள். நுரை பொங்கினால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள், உடனே அடங்குகிறது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்த்து இறக்கி, துடுப்பால் நன்றாகக் கிண்டி, நனைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். சிரட்டை நனையாவிட்டால் கருப்பட்டி ஒட்டிக்கொண்டு உடைந்துதான் வரும்.

உடைத்துப் பார்த்தோம். உள்ளே மங்கிய பழுப்பு நிறம், மணல்போலப் பொடிப்பொடியான குருணை. நகத்தால் கீறினால் உதிர்கிறது. இனிப்போடு லேசான உவர்ப்பும் நாக்கில் நிற்கிறது. சீனி கலந்தது கல்லாய் இறுகியிருக்கும், உடைந்த இடம் மினுமினுக்கும், வெறும் இனிப்புத்தான் தெரியும். சீனி மலிவு என்பதால் கலக்கிறார்கள். அசலாய்க் காய்ச்சும் பனையேறிகளின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. விலை அடிமட்டத்தில் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

குறை என்று சொன்னால் பொட்டலம். பிளாஸ்டிக் கவரில் சூடு ஆறுவதற்குள் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் பண்டம். கவருக்குள் வியர்த்து ஓரமெல்லாம் பிசுபிசுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்து ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புக்கு மேல் பரணில் வையுங்கள். ஆனி, ஆடிச் சாரலைத் தாங்கும். கேஸ் அடுப்பு வீடுகளில் காற்றுப் புகாத ஜாடி போதும், ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

வாங்குவதென்றால் கோடையிலேயே ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். மழை பிடித்தால் மரம் வழுக்கும், கலயத்தில் மழைத்தண்ணீர் விழும், பனையேற்றம் குறைந்துவிடும். அந்த நாளில் "இன்றைக்கு ஊற்றியது" என்று யாராவது நீட்டினால், ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள்.